மூக்கையும் நெஞ்சையும் ஒருசேரக் கவனித்த பிறகே எனக்கு மூச்சு சீரானது

நாள்பட்ட சைனஸும் ஆஸ்துமாவும் சேர்ந்தே இருப்பவர்கள் அன்றாடம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டோடும் 19 ஆண்டுகளாக வாழ்ந்து வருபவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வள்ளியூருக்கும் பணகுடிக்கும் இடையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனியில் தொடங்கினால் ஆவணி வரை இங்கே ஓயாது. காற்றாலைகளுக்கு அது நல்ல பருவம்; எனக்கோ செம்மண் புழுதியின் பருவம். காலையில் துடைத்த ஜன்னல் திண்டில், மதியத்துக்குள் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி படிந்துவிடும். முதலில் மூக்கடைக்கும், பிறகு கன்னமும் புருவமும் கனக்கும், தொண்டைக்குள் கோழை இறங்கும், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இரவில் இழுப்பு வந்துவிடும். இந்த வரிசை ஆண்டுதோறும் மாறாமல் வந்தும், மூக்கை ஒரு நோயாகவே நான் எண்ணவில்லை. "மூக்குல நீர் வடியதுக்கெல்லாமா திருநவேலி வரைக்கும் போவாவ?" என்று அத்தை கேட்டபோது, எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நெஞ்சுக்கு வாயால் மருந்தை இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்), மூக்குக்கு நொச்சி இலை ஆவி என்று காலம் தள்ளினேன்.

என்னை விழிக்கச் செய்தது ஒரு பல்வலி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை ஒன்றை விழுங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள் முகம் சிவந்து, மூக்கு முற்றிலும் அடைத்து, பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறியது. ஆக்சிஜன் வைத்துத்தான் மீட்டார்கள். ஆஸ்துமா, மூக்கில் வளரும் சதை, ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் ஒவ்வாமை ஆகிய மூன்றும் சிலருக்குச் சேர்ந்தே வரும் என்பதை 1922இலேயே பிரான்சில் விடால் என்ற மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். 1968இல் சாம்டர், பியர்ஸ் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய பின்பு அது பரவலாக அறியப்பட்டது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் ஆகிய வலி மருந்துகளும் இதே வகையில் சேரும். உங்களுக்கு மூக்கில் சதை உண்டென்றால், எந்த வலி மாத்திரை ஆகும் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பர்ஸில் அந்தச் சீட்டு எப்போதும் இருக்கிறது.

அதன் பிறகு பார்த்த காது மூக்குத் தொண்டை மருத்துவர், கேமராக் குழாயை விட்டுத் திரையில் காட்டினார். நுங்குச் சுளை போல வெளிறி மினுங்கும் சதைகள் இரு பக்கமும் அடைத்திருந்தன. மூக்கின் உட்சவ்வும் நுரையீரல் குழாய்களின் உட்சவ்வும் ஒரே பாதையின் இரு முனைகள் என்றும், மேலே அழற்சி அடங்காதவரை கீழேயும் அடங்குவது கடினம் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

இப்போது காலையும் இரவும் உப்பு நீரால் மூக்கைக் கழுவுகிறேன். ஒரு டம்ளர் நீருக்கு அரைத் தேக்கரண்டி அயோடின் சேராத உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே பயன்படுத்த வேண்டும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே மூக்கில் விடக் கூடாது. மூக்கு வழியே மூளைக்கு ஏறும் அமீபா, பக்கத்துக் கேரளத்தில் 2024இல் உயிர்களைப் பறித்ததை நாம் பார்த்தோம். கழுவிய பின் மூக்குக்கான மருந்து ஸ்ப்ரே. தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடத்துளையிலும் இடக்கையால் வலத்துளையிலும், முனை காதுப் பக்கம் நோக்கும்படி அடிக்க வேண்டும். நடுத்தண்டை நோக்கி அடித்ததால்தான் எனக்கு முன்பு ரத்தம் கசிந்தது. நெஞ்சுக்கான, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு பம்பை ஸ்பேசர் என்ற இணைப்புக் குழாய் வைத்து இழுத்து, வாயைக் கொப்பளித்துத் துப்புகிறேன். இல்லையென்றால் நாக்கில் வெண்படலம் வந்துவிடும்.

ஸ்டீராய்டு என்றதும் எங்கள் பக்கத்தில் பலர் பயந்து, மூச்சு சரியானதும் பம்பை நிறுத்திவிடுகிறார்கள். பம்பின் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. திணறல் முற்றினால் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையோ மில்லிகிராமில், அதாவது ஆயிரம் மடங்கு பெரிய அலகில். அந்த மாத்திரை தேவைப்படாமல் இருக்கத்தான் பம்ப். நான் இதை உணர்ந்தது மிகவும் தாமதமாக.

மருந்துக்குச் சதை முழுதும் அடங்காததால் பிறகு அறுவை சிகிச்சையும் செய்துகொண்டேன். அதற்கு முன் ஏழெட்டு ஆண்டுகளாக எனக்கு வாசனையே தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்து புகைவதைப் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்ன நாளில் நான் அடுப்பருகேதான் நின்றிருந்தேன். சிகிச்சை முடிந்த ஆறாவது வாரம், வீட்டில் சொதி கொதிக்கும்போது தேங்காய்ப்பாலின் மணம் திடீரென்று வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

சதை மறுபடி வளரக்கூடியது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சென்ற பரிசோதனையில் இடப்பக்கம் சிறிதாகத் தெரிந்தது. கழுவுவதையும் ஸ்ப்ரேயையும் விடாமல் தொடர்கிறேன்; ஐப்பசியில் மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.