பஸ் நின்றால் எண் ஏன் இறங்குகிறது?

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்காக எம்.க்யூ-135 என்ற வாயு சென்சாரை ஆர்டுயினோ என்ற சிறிய கணினிப் பலகையில் இணைத்திருக்கிறேன். நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கண்டுபிடிக்கும் என்று சொல்லி விற்றார்கள். சானிடைசரைக் காட்டினால் திரையில் வரும் எண் எகிறுகிறது. வாசலில் டீசல் பஸ் நின்று புகை விட்டால் சில சமயம் ஏறுகிறது, சில சமயம் இறங்குகிறது. சென்சார் பழுதா? செம்புக் கம்பியை நைட்ரிக் அமிலத்தில் போட்டு, வாயு தயாரித்துச் சோதித்துப் பார்க்கலாமா?
- ப்ளஸ் ஒன் மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். வேண்டவே வேண்டாம். அமிலம் பட்டதும் பழுப்பு நிறத்தில் கிளம்புகிறதே, அந்தப் புகைதான் நைட்ரஜன் டை ஆக்சைடு. சுவாசித்தவுடன் லேசான இருமலோடு விட்டுவிட்டது போலிருக்கும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். முப்பது வருஷம் பாலிடெக்னிக் லேபில் இருந்தவன் நான். புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டு இல்லாமல் அதைத் தொட்டதே இல்லை.

சரி, சென்சார். அது பழுதாகவில்லை. வலை மூடிக்குள் ஒரு சிறிய பீங்கான் குழாய், அதன்மேல் வெள்ளீய ஆக்சைடு பூச்சு, குழாய்க்குள் ஹீட்டர் சுருள். மூடியைத் தொட்டால் சுடுவது அதனால்தான். சூடான பூச்சின்மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும். சானிடைசரின் ஆல்கஹால் வந்ததும் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்துவிடும். எலக்ட்ரான்கள் பூச்சுக்கே திரும்பும், மின்தடை குறையும், சென்சார் தரும் மின்னழுத்தம் கூடி உங்கள் எண் ஏறும். கார்பன் மோனாக்சைடும் இப்படித்தான். நைட்ரஜன் டை ஆக்சைடு நேர் எதிர். அதுவே எலக்ட்ரானைப் பறிக்கிற வாயு; தடை கூடும், எண் இறங்கும். பஸ் புகையில் இரண்டு வகையும் கலந்து வருகின்றன. எது ஓங்குகிறதோ அந்தப் பக்கம் எண் சாயும். ஈரப்பதம் மாறினாலும் நகரும். எனக்குக் கவலை தருவது இதுதான்: எண் இறங்கியதைப் பார்த்து 'காற்று சுத்தம்' என்று திரையில் காட்டிவிடுவோம், அந்த நேரம் காற்று மோசமாகியிருக்கும்.

அளவையும் பாருங்கள். நம் நாட்டில் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். அதாவது சுமார் 0.04 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). உங்கள் சென்சார் பல பிபிஎம் அளவுக்கு வாயு வந்தால்தான் ஒழுங்காகப் பேசும்.

இந்த வாயுவுக்கென்றால் டங்ஸ்டன் ஆக்சைடு நல்ல பொருள். நகம் அளவு அலுமினா தகட்டில் அதைப் பூசி, 200 டிகிரிக்குச் சூடாக்கி, மீட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். வாயு பட்டதும் தடை விறுவிறுவென்று ஏறும். வாயுவை நிறுத்திய பிறகு பழைய இடத்துக்கு வர கால் மணி நேரம் இழுக்கும். சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் மீளும், ஆனால் உணர்திறன் குறையும். அதையும் ஓசோன் ஏமாற்றும். வெயில் நேரத்தில் உருவாகும் ஓசோனும் எலக்ட்ரான் பறிக்கிற வாயுதானே.

கண்காட்சியில் 'நைட்ரஜன் ஆக்சைடு இத்தனை பிபிஎம்' என்று எழுதாதீர்கள். சென்சாரை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். அப்புறம் மின்னழுத்தத்தை அப்படியே வரைபடமாகப் போடுங்கள். நேரம், ஈரப்பதம், பஸ் எஞ்சின் ஓடியதா இல்லையா என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.