ஒரே ஒரு மெடல்தானேன்னு கேட்டா

வணக்கம் அக்கா,

ஃபின்லாந்தோட கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் (பனியில சறுக்குக் கட்டைய மாட்டிக்கிட்டு நெடுந்தூரம் போற ரேஸ்) வீராங்கனை லிடியா வீடெமன் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். மொத்தமே ஒரு ஒலிம்பிக், ஒரு ரேஸ், ஒரு தங்கம். அதே ஸ்கீயிங்ல நார்வேயோட மாரிட் பியோர்கன் 8 தங்கத்தோட சேத்து 15 மெடல் வாங்கியிருக்காங்க. அதுவுமில்லாம இவங்க ஜெயிச்ச 1952 குளிர்கால ஒலிம்பிக்குக்கு சோவியத் டீமே வரல. அப்புறம் எதுக்கு இவங்கள இவ்வளவு தூக்கி வைக்கிறீங்க?

எம்.

அன்புள்ள எம்,

மெடல எண்ணுறதுக்கு முன்னாடி ரேஸ் எத்தன இருந்துச்சுன்னு எண்ணணும்ல தம்பி. லிடியா பொறந்தது 1920, ஃபின்லாந்துல வில்புலாங்கிற ஊர்ல. ஆம்பளைங்களுக்கு 1924லயே, முதல் குளிர்கால ஒலிம்பிக்லயே, 18 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் ரெண்டும் வச்சாச்சு. பொம்பளைங்களுக்கு ஒண்ணுமில்ல. 1940, 1944 ரெண்டு ஒலிம்பிக்கும் போர்ல போச்சு, 1948ல செயின்ட் மோரிட்ஸ்ல நடந்துச்சு ஆனா அங்கயும் பெண்களுக்கு கிராஸ் கன்ட்ரி கிடையாது, கடைசியா 1952ல ஆஸ்லோவுலதான் போனா போகுதுன்னு 10 கிலோமீட்டர் ஒண்ணே ஒண்ணு வச்சாங்க. அப்போ லிடியாவுக்கு 31 வயசு. அந்த சீசனோட போட்டிய நிறுத்திட்டாங்க. பியோர்கன் 2018ல இறங்கினப்போ பெண்களுக்கு ஆறு ரேஸ், அதுவும் அவங்களுக்கு அது அஞ்சாவது ஒலிம்பிக். ரெண்டு பேரையும் ஒரே டேபிள்ல போட்டு எப்படிங்க பாக்குறது?

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ல பெண்கள் 800 மீட்டர் ஓடி களைச்சு விழுந்துட்டாங்கன்னு பேப்பர்ல ஒரே கூப்பாடு போட்டு அந்த ரேஸையே 1960 வரைக்கும் தூக்கி வச்சிருந்தாங்க. அதாவது தரையில 800 மீட்டர் ஓடக்கூடாதுன்னு இருந்த அதே காலத்துலதான் லிடியா பனியில, மேடும் பள்ளமுமா, கையாலயும் காலாலயும் தள்ளிக்கிட்டு 10 கிலோமீட்டர் போனாங்க (மலை உச்சியில இருந்து சும்மா வழுக்கிக்கிட்டு வர்ற ஸ்கீயிங் இல்ல இது, ஏத்தத்துல தானே ஏறணும், நுரையீரல் கிழியும்).

லிடியாவோட டைம் 41 நிமிஷம் 40 செகண்ட். ரெண்டாவது மிர்யா ஹியட்டமியஸ் 42:39, மூணாவது சீரி ரந்தனன் 42:50, ரெண்டு பேரும் ஃபின்லாந்துதான். நாலாவது வந்த ஸ்வீடன் மார்தா நோர்பெர்க் 42:53. பாத்தீங்களா, ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் 14 செகண்டுக்குள்ள அடிச்சுக்குறாங்க, இவங்க மட்டும் தனியா ஒரு நிமிஷம் முன்னாடி போய் நிக்குறாங்க. எனக்கு இந்த ஒரு நிமிஷம் போதும்.

சோவியத் வரலங்கிறது உண்மைதான், அத நான் மறுக்கல. 1954 ஃபாலுன் உலகப் போட்டியில பெண்களுக்கு முதல்தடவ 10 கிலோமீட்டர் வச்சப்போ ஜெயிச்சது சோவியத்தோட லியுபோவ் கோசிரெவா, 1956 கோர்ட்டினா ஒலிம்பிக்லயும் அவங்களேதான். லிடியா அவங்களோட மோதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா அதே 1956ல பெண்கள் ரிலேயில சோவியத்த 27 செகண்ட் வித்தியாசத்துல ஃபின்லாந்து அடிச்சுச்சு. அந்த ஃபின்லாந்து டீம்ல இருந்த மூணு பேர்ல ரெண்டு பேர் யார் தெரியுமா, ஆஸ்லோவுல லிடியாவுக்கு ஒரு நிமிஷம் பின்னாடி வந்தாங்களே அதே ஹியட்டமியஸும் ரந்தனனும்தான்.