மண்ணாங்கட்டியும் மூன்று டம்ளர்களும்

அன்புள்ள ஐயா,

வேளாண் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு மண்ணியல் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் விரிவுரையைக் குறைத்து, குழு விவாதம், மாணவர் செமினார், வகுப்பிலேயே செய்முறை என்று மாற்றிப் பார்த்தேன். கருத்துப் படிவத்தில் பாதிப் பேர் ‘சார் பாடமே நடத்துவதில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். துறைத்தலைவர் பழையபடி நடத்தச் சொல்கிறார். விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

விடாதீர்கள். அந்தப் படிவத்தைப் பார்த்து மனம் தளரவும் வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் இதையே சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். தாங்களே கணக்குப் போட்டு, விவாதித்துப் படித்தவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் அதிகம் கற்றதாக நினைத்தவர்கள் நல்ல விரிவுரை கேட்டவர்கள்தான். யோசித்துத் திணறுவதைப் புரியாமை என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பருவத்தின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. துறைத்தலைவரிடம் 2014இல் வந்த தொகுப்பாய்வைக் காட்டுங்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள்: வெறும் விரிவுரை வகுப்பில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களே பங்கெடுத்துச் செய்யும் வகுப்பில் 21.8.

ஆனால் செமினாரை நான் இதில் சேர்க்கமாட்டேன். ஒருவர் ஸ்லைடைப் படிக்க மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவும் விரிவுரைதான், ஆள்தான் வேறு.

அதற்குப் பதிலாக இப்படி ஒரு செய்முறை செய்து பாருங்கள். ஒரே நிலத்திலிருந்து இரண்டு மண்ணாங்கட்டி எடுங்கள். ஒன்று வருஷாவருஷம் உழுகிற இடத்தில், மற்றது புல் மண்டிய வரப்பில். நிழலில் நன்றாகக் காயட்டும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளர்களில் போடும் முன்னால் கேளுங்கள்: எது முதலில் கரையும்? ஒவ்வொருவரும் காரணத்தோடு நோட்டில் எழுதவேண்டும். கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். பக்கத்திலிருப்பவரோடு வாதாட விட்டு மறுபடி எண்ணுங்கள். ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தன் இயற்பியல் வகுப்பில் தொடங்கிய முறை இது. எழுதவைக்காமல் காட்டினால் வெறும் வேடிக்கையாகிவிடும்.

உழுத நிலத்துக் கட்டி குமிழி விட்டுக்கொண்டே சில நிமிஷங்களில் சரிந்துவிடும். வரப்புக் கட்டி நிற்கும். இரண்டிலும் மணல், வண்டல், களி விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதை விரலால் பிசைந்து அவர்களே பார்க்கட்டும். அப்படியானால் கட்டியைப் பிடித்து வைத்திருப்பது எது? வேர், பூஞ்சை இழை, மட்கு என்று அவர்களே வந்து சேர்வார்கள். மண் நயம் (மணல், வண்டல், களி விகிதம்) வேறு, மண் கட்டமைப்பு (துகள்கள் கட்டியாகச் சேர்ந்திருக்கும் விதம்) வேறு என்பதை அதற்குப் பிறகு நடத்துங்கள். பத்து நிமிஷம் போதும்.

மூன்றாவது டம்ளரில் களர்மண், அதாவது சோடியம் மிகுந்த மண். (திருச்சி நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரிக்காரர்களுக்கு வளாகத்திலேயே கிடைக்கும்.) இது சரிவதோடு நிற்காது, சுற்றிலும் பால்போலக் கலங்கும். சோடியம் களித்துகள்களை ஒட்டவிடாமல் பிரித்துவிடுகிறது. கலங்கல் நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டு ஆட்டி வையுங்கள். சோடியத்தின் இடத்தை ஜிப்சத்திலுள்ள கால்சியம் பிடிக்க, துகள்கள் திரண்டு அடியில் இறங்கும். மற்றது கலங்கியே கிடக்கும். களர்மண் என்றால் ‘மாற்றீடு செய்யத்தக்க சோடியம் (களித்துகளில் ஒட்டியிருந்து வேறொன்றுக்கு இடம் விடக்கூடியது) 15 சதவீதத்துக்கு மேல்’ என்று மனப்பாடம் செய்த வரிக்கு அப்போதுதான் அர்த்தம் பிடிபடும்.

இன்டர்னல் தேர்வையும் மாற்றியே ஆகவேண்டும். வகுப்பில் யோசிக்கச் சொல்லிவிட்டு, தேர்வில் ‘களர்மண் – வரையறு’ என்று கேட்டால் அவர்களுடைய புகார் நியாயம்தான். ‘மழை விட்டு மூன்று நாளாகியும் வயலில் கலங்கல் நீர் வடியவில்லை, முதலில் எதைச் சோதிப்பீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். பதிலுக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு நான்கு கொடுங்கள்.

அன்புடன்.