மதில் தாண்டிய கொடியை வெட்டலாமா?

கேள்வி: எங்கள் மனைக்குள் நாங்களே கட்டிய மதிலை மறைப்பதற்காக, பக்கத்து வீட்டுக்காரர் ஆண்டு முழுவதும் இலை உதிராத கொடி ஒன்றைத் தம் பக்கம் நட்டார். அது மதிலேறி எங்கள் பக்கமும் இறங்கிவிட்டது. பூச்சு பெயர்கிறது. முறையிட்டால், "பசுமைதானே, என்ன கெட்டுவிட்டது?" என்கிறார். வேரில் மருந்து ஊற்றிவிடலாமா?

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள். வேர் அவர் மண்ணில் இருக்கிறது. கொடி அவர் உடைமை. அதை அழித்தால் இன்று நியாயம் கேட்கும் நீங்கள் நாளை இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் எல்லைக்குள் வந்த பகுதியை வெட்டுவது வேறு. லெம்மன் எதிர் வெப் வழக்கில் 1894-ல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை, அயலார் நிலத்தில் கால் வைக்காமல் வெட்டுபவர் முன்னறிவிப்புகூடத் தர வேண்டியதில்லை என்றது. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் வழிவந்த தீர்ப்புகளில் இன்றும் இதைக் காணலாம். ஆனாலும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வெட்டுங்கள். சேதத்தை அறிந்தும் அவர் சும்மா இருந்தார் என்பதற்கு அந்தக் கடிதமே சான்று. வெட்டிய கொடியும் அவருடையதுதான், எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பலர் தவறுவது அடுத்த இடத்தில். வெட்டிய பிறகு என்னிடம் வருகிறார்கள். அதற்குள் சான்று போய்விடுகிறது. கொடி சுவரில் இருக்கும்போதே தேதியுடன் படம் எடுங்கள், பொறியாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்குங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்ததா, கொடி அதை அகலப்படுத்தியதா என்பதில்தான் இழப்பீட்டு வழக்கு நிற்கும் அல்லது விழும். பச்சைக் கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள், பூச்சும் கூடவே வரும். மதிலின் உச்சியில், உங்கள் எல்லைக்குள் அறுத்துவிட்டுக் காயவிடுங்கள். உங்கள் மண்ணைத் தொட்டு வேர்விட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மதிலின் மறுமுகத்தில் ஒட்டியிருப்பதும் உங்கள் சுவரின் மேல்தான் இருக்கிறது. ஆனால் அதை வெட்ட அவர் நிலத்துக்குள் நுழைய வேண்டும், அனுமதியின்றி நுழையாதீர்கள். அவர் அகற்ற மறுத்தால், அகற்றச் சொல்லும் நீதிமன்ற ஆணையே வழி. இவை எல்லாம் மதில் முழுவதும் உங்கள் மனைக்குள் இருந்தால் பொருந்தும். எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் பொதுச்சுவர் என்றால் கணக்கு மாறும், அளவு வரைபடத்தை முதலில் பாருங்கள்.

வழக்குக்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். சுவரில் ஒட்டாமல் சுற்றிப் படரும் முல்லை போன்ற கொடியை, மதிலுக்கு இடைவெளி விட்டுத் தனிக் கம்பிச் சட்டத்தில் ஏற்ற அவர் சம்மதிக்கலாம். சம்மதித்தால் இடைவெளியையும், கத்தரிக்கும் பொறுப்பையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.