மேல் ஸ்தாயியில் விலகும் சுருதியும் உயிரற்ற சுரங்களும்

வணக்கம். தனித்தனி மின்சுற்றுகளைக் கம்பிகளால் இணைத்து ஒலியை உருவாக்கும் உங்கள் அனலாக் மாடுலர் சிந்தசைசரில் மேல் ஸ்தாயிக்குப் போகப் போகச் சுருதி விலகுவதாகவும், எல்லாச் சுரங்களும் ஒன்றுபோல் உயிரற்று ஒலிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சுருதியைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம் ஸ்தாயிக்கு 1 வோல்ட் கூடும் என்ற கணக்கில் ஓர் அரைச்சுரம் சுமார் 0.083 வோல்ட்தான், சிறு பிழையும் ஸ்தாயிதோறும் கூடிவிடும் என்பதால், ஒலியலையை எழுப்பும் ஆசிலேட்டரை அரைமணி நேரம் சூடேற விட்டு, அதன் டிரிம்மர் என்ற நுண்திருத்தத் திருகைத் திருத்துங்கள்.

உயிரோட்டம்தான் பெரிய விஷயம். விசையை அழுத்தும் வேகத்திலிருந்து கிடைக்கும் மின்னழுத்தத்தை ஒலியளவுக்கு மட்டுமன்றி ஃபில்டரின் கட்-ஆஃபுக்கும் (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஒலியைக் குறைப்பது என்ற எல்லைக்கும்) சிறிதளவு கொடுத்தால், வன்மையாக வாசித்த சுரம் பிரகாசமாகவும் மென்மையாக வாசித்தது மங்கலாகவும் வேறுபட்டு ஒலிக்கும். சிந்தசைசர் வடிவமைப்பாளர் டான் புக்லாவின் லோ-பாஸ் கேட் என்ற மாடுல் ஒலியளவையும் பிரகாசத்தையும் சேர்த்தே தணிப்பதால்தான், அதில் எழும் ஒலி மீட்டிய தந்தியைப் போல இயல்பாக அடங்குகிறது. புதிய மாடுல் வாங்குவதற்கு முன், விசை வேகத்தின் மின்னழுத்தத்தை ஃபில்டருக்குக் கொண்டுசெல்லும் அந்த ஒரு பேட்ச் கேபிளைச் (இணைப்புக் கம்பியைச்) செருகிக் கேட்டுப் பாருங்கள்.