ஊசியும் புத்தகமும் ஒரே பையில்: மாணவர் கேள்விகளும் என் பதில்களும்

படிக்கிற காலத்தில் பின்னல், நூல் நூற்றல், வெளியில் சுற்றுவது இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வரும் என்று பலர் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் திரும்பத் திரும்ப வந்ததை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த நாலு வருடமும் என் பையில் ஊசி இருந்தது. இப்போது மட்டக்களப்பு கல்லடியில் பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்கிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மாணவி: அக்கா, அடுத்த வருடம் எனக்கு உயர்தரப் பரீட்சை. ரியூசன் முடிந்து வீட்டுக்கு வர இரவு ஏழு மணி. ஊசியைக் கையில் எடுத்தாலே அம்மா ஏசுகிறார். முழுதாக விட்டுவிடவா?

விட வேண்டாம் தங்கச்சி. ஆனால் அம்மா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது நான் ஒரு பூவேலைச் சால்வையைத் தொடங்கினேன். 16 வரிசைக்கு ஒருமுறை திரும்பி வரும் வடிவம், ஒவ்வொரு கண்ணியையும் (ஊசியில் விழும் நூல் வளையத்தை) எண்ணிப் போட வேண்டும். புத்தகத்தைத் திறந்தாலும் மனம் கண்ணியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த முறை ஒரு பாடம் போய்விட்டது. திரும்ப எழுதித்தான் எடுத்தேன்.

அன்றிலிருந்து என்னிடம் எப்போதும் இரண்டு வேலை இருக்கும். ஒன்று கண் பார்க்காமல் கை தானாகச் செய்வது: முழுக்க பிளேன் கண்ணியில் ஒரு துவாய், பாத்திரம் துடைக்கிற துணி, இப்படி ஏதாவது. மற்றது எண்ண வேண்டிய வேலை. பாடம் நடக்கும் காலத்தில் முதலாவது மட்டும். இரண்டாவது விடுமுறை வரும்வரை அலுமாரிக்குள்.

நேரத்தை மணிக்கூடு பார்த்துப் பிரிக்காதீர்கள். வரிசையால் பிரியுங்கள். சாப்பிட்டுவிட்டுப் பத்து வரிசை, அப்புறம் இரசாயனவியல். பத்தாவது வரிசை முடிந்தது கைக்கே தெரியும். போனை எடுத்தால் அந்த முடிவு வராது, அதுதான் பெரிய வித்தியாசம். இதை ஒரு கிழமை அம்மாவின் கண் முன்னாலேயே செய்து காட்டுங்கள். அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னினால் ஏச்சுக் கூடும்.

கல்முனையிலிருந்து தினமும் மட்டக்களப்புக்கு வந்துபோகும் மாணவி: பஸ்ஸில் பின்னலாமா?

இருக்கை கிடைத்தால் பின்னலாம். சுமார் 40 கிலோமீற்றர் பயணம், அதை வீணாக்க வேண்டாம். ஆனால் இரண்டு ஊசியை வீட்டில் வைத்துவிட்டுக் நுனி வளைந்த ஒற்றைக் கொக்கி ஊசியை (குரோஷே ஊசி) எடுத்து வாருங்கள். ஊசிப் பின்னலில் எல்லாக் கண்ணியும் ஊசியிலேயே நிற்கும். சாரதி பிறேக் அடித்து ஊசி உருவிப் போனால் ஒரு வரிசையே நழுவும். கொக்கிப் பின்னலில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதுவும் போனால் மீண்டும் மாட்டிவிடலாம். பக்கத்தில் இருப்பவருக்கும் குத்தாது.

வாழைச்சேனையிலிருந்து: எங்கள் வளவில் இலவமரம் இருக்கிறது. அந்தப் பஞ்சில் நூல் நூற்கலாமா? இராட்டை வாங்க வசதியில்லை.

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு உண்மையில் சந்தோசம். ஆனால் இலவம் பஞ்சைத் தலையணைக்கே விட்டுவிடுங்கள். அதன் இழை வழுவழுப்பு, மெழுகுப் பூச்சுப் போல இருக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. பருத்தி வேறு. பருத்திக்காய் வெடித்துக் காயும்போது ஒவ்வொரு இழையும் தட்டையாகி, முறுக்கிய நாடா போலச் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாகின்றன.

வளவில் ஒரு பருத்திச்செடி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். மருந்துக்கடைப் பஞ்சில் தொடங்காதீர்கள். இழை குட்டை, பழகுகிறவருக்கு அறுந்துகொண்டே இருக்கும், மனம் விட்டுப்போகும்.

இராட்டை தேவையே இல்லை, கையால் சுழற்றி நூற்கும் சின்னக் கம்பியான தக்ளி போதும். பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு சாண் வெட்டுங்கள். கீழ் நுனியைக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே கனமான வாசர் ஒன்றை இறுக்கி ஒட்டுங்கள். மேல் நுனியைச் சின்னக் கொக்கியாக வளையுங்கள். கூர்முனையை ஒரு சிரட்டைக்குள் ஊன்றிப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சுண்டினால் பம்பரமாய்ச் சுழலும். மற்றக் கையில் பஞ்சை மெதுவாகப் பிடித்துப் பின்னுக்கு இழுங்கள். முதலில் மேகத் துண்டு போலத்தான் வரும். முறுக்கு ஏறி அந்தத் துண்டுக்குள் புகும்போது விரலுக்கு அடியில் அது இறுகுவது தெரியும். அந்த நொடியில் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும். முந்தினால் அறும், பிந்தினால் முடிச்சு விழும். எனக்கு அது பிடிபடப் பத்துப் பன்னிரண்டு நாள் எடுத்தது, தினமும் கால் மணி நேரம்.

நூற்ற நூல் இரண்டை எதிர்த் திசையில் சேர்த்து முறுக்கினால்தான் பின்னும்போது சுருளாது. பிறகு சிட்டமாக (சுற்றிக் கட்டிய நூல் கட்டாக) கட்டிக் கொதிநீரில் அரை மணி நேரம் வேகவைத்துக் காயவிடுங்கள், முறுக்கு நிலைத்துவிடும்.

படிக்கிறவர்களுக்கு நான் பின்னலைவிட நூற்பையே சொல்வேன். அங்கே எண்ணிக்கை இல்லை, வடிவம் இல்லை, எந்த நேரத்திலும் நிறுத்தலாம். எனக்குக் கணக்குப் பிடிபடாத இரவுகளில் சிரட்டையும் தக்ளியும்தான் துணை.

ஏறாவூரிலிருந்து: இந்த வெக்கையில் எந்த நூல் நல்லது?

கடைகளில் 'ஊல்' என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக். பழகுவதற்கு நல்லது, இழுவை உண்டு, கை வலிக்காது. உடுப்பாகப் போட்டால் வியர்த்துக் கொட்டும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிவிடும். இந்த ஊருக்குப் பருத்திதான்.

நெசவுக்காரர் பயன்படுத்தும் நூல் மருதமுனையில் இருக்கிறது. தறியில் மிஞ்சிய நூலைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது தலைமயிர் மாதிரி மெல்லியது. 40ஆம் நம்பர் என்றால் ஒரு இறாத்தலில் 40 சிட்டம், சிட்டத்துக்கு 840 யார் (கஜம்) நீளம். அப்படியே பின்ன முடியாது. இரண்டு இழை முறுக்கிய நூலில் ஆறு முதல் எட்டு வரை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் 3 மில்லிமீற்றர் ஊசிக்குச் சரியாக வரும். வேறு வேறு நிறத்தைச் சேர்த்துப் பாருங்கள், சாரத்தில் வரும் அந்த மினுமினுப்பு வரும்.

இன்னொன்று: இரும்பு ஊசியை இங்கே வெளியில் வைத்தால் உப்புக்காற்றில் துருப்பிடித்து நூலில் கறை ஏறும். மூங்கில் ஊசி வாங்குங்கள்.

ஒலுவிலில் படிக்கும் ஒரு தம்பி: எனக்குக் கொக்கிப் பின்னல் பிடிக்கும். விடுதியில் "பொம்பிளை வேலை" என்று சிரிக்கிறார்கள். என்ன செய்ய?

பின்னேரம் அவர்களையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் வலை பொத்துகிறவர்களுக்குப் பக்கத்தில் இருங்கள் தம்பி. கால் பெருவிரலில் வலையைக் கொழுவி இழுத்துப் பிடித்து, நூல் சுற்றிய வலை ஊசியால் கண்ணி கண்ணியாக முடிந்துகொண்டு போவார்கள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவு. மருதமுனைத் தறிகளிலும் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் இருந்திருக்கிறார்கள். உங்கள் வேலை அதே குடும்பம்தான். சிரிக்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருவனின் போனுக்கு ஓர் உறை பின்னிக் கொடுங்கள், மற்றவர்களும் கேட்டு வருவார்கள்.

செங்கலடியிலிருந்து: படிப்பு, பின்னல் இரண்டுமே உட்கார்ந்து செய்வது. வெளியே போவதற்கு எப்போது?

நல்ல கேள்வி. இங்கே காலநிலையே அட்டவணை போட்டுத் தருகிறது. கார்த்திகை, மார்கழி, தை மழைக்காலம், வெள்ளமும் வரும். அது நூலுக்கும் ஊசிக்கும் உரிய காலம். மழை விட்டபின் காலையில் சைக்கிள் எடுங்கள். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் பத்து மணிக்கு மேல் வெளியே நிற்க ஏலாது, ஆறு மணிக்கே போய்த் திரும்பிவிட வேண்டும்.

கல்லடிப் பாலத்தில் தொடங்கி வாவியோரமாக முகத்துவாரம் வெளிச்சவீடு வரை போய் வரலாம். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் பார்க்கக் காசு வேண்டாம், ஒரு கொப்பி போதும். வாவியில் முதலை உண்டு, கால் நனைக்கிறேன் என்று கண்ட இடத்தில் இறங்காதீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போனால் பொழுதுபடமுன் திரும்புங்கள், யானை வரும். போயா நாள் (பௌர்ணமி) விடுமுறைதானே, அன்று புத்தகத்தைத் தொடாமல் வெளியே இருங்கள். நிலவு இரவில் தோணிக்காரர் யாரும் கூட்டிப் போனால், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாருங்கள். வாவிக்குள்ளிருந்து வரும் 'பாடும் மீன்' ஒலியைக் கேட்க எங்கள் ஆட்கள் காட்டித்தந்த வழி அது.

காத்தான்குடியிலிருந்து: பின்னியதை விற்றுப் படிப்புச் செலவைப் பார்க்கலாமா?

விடுமுறையில் பாருங்கள். பாடம் நடக்கும் காலத்தில் ஓடர் எடுக்காதீர்கள், இதில் நான் கண்டிப்பு. நாள் குறித்துவிட்டால் அது பரீட்சைக்கு முதல் நாள்தான் வந்து நிற்கும். முதலில் ஒரு பை பின்ன எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதி வையுங்கள். நூல் விலையை மட்டும் பார்த்து விலை சொல்லுகிறவர்கள் தங்கள் உழைப்பைச் சும்மா கொடுக்கிறார்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தாய்: தங்கச்சி, மகளுக்கு மணிக்கட்டு வலிக்கிறது. பரீட்சையில் மூன்று மணி நேரம் எழுதவும் வேண்டும். நிறுத்தச் சொல்லவா?

வலி இருக்கும்வரை நிறுத்தட்டும் அக்கா, வீக்கமோ விறைப்போ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். வலி போனபிறகும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரலை விரித்து மடக்கச் சொல்லுங்கள். இறுக்கிப் பிடித்துப் பின்னுகிறவராக இருந்தால் ஊசியை ஓர் அளவு பெரிதாக்கினால் கை தளரும். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடலாம். வைக்கும்போது வரிசையின் நடுவில் விட வேண்டாம், முடித்துவிட்டு எத்தனையாவது வரிசை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஊசியில் குத்தி வைக்கட்டும். கடைசிப் பாடம் எழுதிவிட்டு வந்த அன்றே தொடங்கலாம்.