சேலத்தில் படம் வரைகிறவர் என்ன விலை வைப்பது, எங்கே விற்பது?

யாராவது விலை கேட்டால் வாய் வரமாட்டேன் என்கிறது, எதை வைத்துக் கணக்குப் போடுவது, நம் ஊரில் இருந்துகொண்டே விற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சேலத்தில் இருந்து அக்ரிலிக், வாட்டர்கலர் இரண்டும் வரைந்து விற்கிறவள். என்னைக் கேட்டால், யாரும் கேட்பதற்கு முன்பே விலை எழுதி வைத்திருக்க வேண்டும். எதிரில் ஆளை வைத்துக்கொண்டு யோசிக்கிற விலை குறைவாகத்தான் வரும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கியிருப்பீர்கள். வெள்ளிக்கு எடைக் கணக்கில் ஒரு விலை, செய்கூலி தனி. செய்கூலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்களே தவிர, அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. படத்தையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். 12க்கு 16 அங்குல அக்ரிலிக் படம் ஒன்றுக்கு கேன்வாஸும் பெயின்டும் 500 ரூபாய், ஃப்ரேம் 600 ரூபாய், உங்களுக்கு இரண்டு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். நாள் கூலி 1000 என்றால் மொத்தம் 3100. இதுதான் உங்கள் அடிவிலை.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் படத்தைக் கடையிலோ கேலரியிலோ வைத்தால் அவர்களுக்குக் கமிஷன் உண்டு; 30 முதல் 50 சதவீதம் வரை கேட்பது சகஜம். 3100 விலை போட்டு 40 சதவீதம் கொடுத்தால் கையில் வருவது 1860. பொருள் செலவு 1100 போக 760 மிஞ்சும், இரண்டு நாள் உழைப்புக்கு. அதனால் 3100-ஐ 0.6-ஆல் வகுத்து, சுமார் 5200 என்று விலை வையுங்கள். வீட்டுக்கு வந்து வாங்கினாலும் அதே 5200தான். கடையில் ஒரு விலை, வீட்டில் பாதி விலை என்று தெரிந்தால் அந்தக் கடைக்காரர் அடுத்த முறை உங்கள் படத்தை வாங்கி வைக்கமாட்டார். வைக்காததும் நியாயம்தான்.

ஏழெட்டுப் படங்களுக்கு இப்படிப் பார்த்த பிறகு, அளவை வைத்து ஒரு விகிதம் பிடித்துக்கொள்ளலாம். வாங்குகிறவர்கள் அளவைத்தான் ஒப்பிடுவார்கள். சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று பலர் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அதை ஒரு தொகையால் பெருக்குவது. காரணம், 12க்கு 16 படத்தைவிட 24க்கு 36 படம் பரப்பில் நாலரை மடங்கு. கூட்டிப் பார்த்தால் 28-க்கு 60, இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பெரிய படம் வாங்க முடியாத விலைக்குப் போகாது, சின்னப் படமும் நஷ்டத்தில் போகாது.

அப்புறம் தெரிந்தவர்கள். "ஏம்மா, பேப்பர்ல போட்டதுதானே, இதுக்கு ஆயிரத்து ஐநூறா?" என்று பெரியம்மா முறையில் இருக்கிறவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் விலையைக் குறைக்காதீர்கள். பிரியப்பட்டவர் என்றால் இனாமாகவே கொடுத்துவிடுங்கள், மனதாரக் கொடுங்கள். பாதி விலைக்கு விற்றால் அந்தப் பாதிதான் உங்கள் விலை என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். கையில் காசு குறைவாக இருக்கிறவருக்குக் கொடுக்கச் சின்னதாக வேறொன்று இருக்க வேண்டும்: அஞ்சலட்டை அளவு வாட்டர்கலர், புத்தகக் குறி, பிரின்ட். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, அங்கே இருந்த ஓவியர்கள் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தை யாருக்காகவும் வளைக்காமல் காப்பாற்றினார்கள்.

ஏற்காட்டில் இந்தச் சின்ன அளவுதான் ஓடும். மேலே வருகிறவர் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஊர் போய்ச் சேர வேண்டும். காரில் ஏற்கெனவே பையும் குழந்தைகளும் மிளகும் காப்பித்தூளும் நிறைந்திருக்கும். கண்ணாடி போட்ட மூன்றடிப் படத்தை ரசிப்பார், விலை கேட்பார், வைத்துவிட்டுப் போய்விடுவார். 5க்கு 7 அங்குலத்தில் காப்பிப் பூ, பனி மூடிய ஏரி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி என்று வரைந்து, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) போட்டு, பின்னால் விறைப்பான அட்டை வைத்து, கவரில் போட்டுக் கொடுத்தால் பைக்குள் போய்விடும். ஏப்ரல், மே சீசனுக்கும் கோடை விழாவுக்கும் முன்பே காட்டேஜ் வரவேற்பறைகளிலும் காப்பிக் கடைகளிலும் பேசி வைத்துவிடுங்கள். மலையில் ஈரம் அதிகம். காகிதப் படம் கண்ணாடியில் ஒட்டியபடி இருந்தால் பூஞ்சை பிடிக்கும், நடுவில் மவுண்ட் கட்டாயம்.

எங்கே கொடுத்தாலும் ஒரு தாள் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்: படத்தின் பெயர், அளவு, விலை, கமிஷன், விற்ற எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு. ஒரு கடையில் என் படங்களை ஜன்னலோரம் மாட்டி வெயிலில் நிறம் போனது. தாளில் எழுதியிருந்ததால்தான் பேச முடிந்தது.

பெரிய படம் வாங்க மலைக்குக் கீழே, சேலத்தில்தான் ஆள். புது வீடு கட்டுகிறவர்கள், கிளினிக், ஹோட்டல், அவர்களுக்கு உள் அலங்காரம் செய்கிறவர்கள். இவர்கள் சொல்லி வரையச் சொல்வார்கள். பாதிப் பணம் முன்பணம், பென்சில் வரைவு காட்டி ஒப்புதல், அதன் பிறகு எத்தனை திருத்தம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இன்னொன்றும் முக்கியம். நீங்களாக வரைந்த படத்தை விற்றால், எழுதிக் கொடுத்தால் ஒழிய, பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். ஆனால் ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை அவருக்குத்தான். அவர் அதைக் கோப்பையிலும் காலண்டரிலும் அச்சடித்தால் நீங்கள் தடுக்க முடியாது. "பதிப்புரிமை ஓவியருக்கே" என்ற ஒரு வரியை முன்பண ரசீதிலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் போடும்போது அளவையும் விலையையும் படத்தோடு போடுங்கள். தனியாகக் கேட்கச் சொன்னால் பாதிப் பேர் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார்கள். கூரியரில் அனுப்புவதானால் கண்ணாடி வேண்டாம். கேன்வாஸைக் கழற்றி, பெயின்ட் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, பட்டர் பேப்பர் சுற்றி பிவிசி குழாயில் போடுங்கள். பபிள் ஷீட் நேராக அக்ரிலிக்கில் பட்டால் புள்ளி புள்ளியாகத் தடம் விழும்.